போக்கும் வரத்தும்: ஊழியப் பயணத்துக்கு ஆயத்தமாவதும் ஆசீர்வதித்து அனுப்புவதும்

ஊழியப் பயணம் புறப்படுகிறவரைச் சபையின் முன்னால் நிறுத்தி, அவர்மேல் கை வைத்து ஜெபித்து அனுப்புகிறோம். அந்த ஜெபத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு விண்ணப்பம்தான் இருக்கும்: சேதமில்லாமல் போய்ச் சேதமில்லாமல் திரும்ப வேண்டும். அதைக் கேட்பதில் தவறில்லை. நானும் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். ஆனாலும், பல ஆண்டுகள் பணித்தளங்களுக்குப் போய்வந்த பிறகு, சில முறை வாசல்வரை போய் நின்றுவிட்ட பிறகு, ஒரு முறை உடன் ஊழியர் ஒருவரை உயிரோடு திரும்ப அழைத்துவர முடியாமற்போன பிறகு, பயண ஆசீர்வாதம் என்பது விபத்து நேராது என்பதற்கான உத்தரவாதம் அல்ல என்று அறிந்திருக்கிறேன். போகிறவரையும், போகும் வழியையும், அந்த வழியின் முடிவையும் தேவனுடைய கையில் மனமறிந்து ஒப்புக்கொடுப்பதுதான் ஆசீர்வாதம். மனமறிந்து ஒப்புக்கொடுப்பதற்கு ஆயத்தம் வேண்டும். புறப்படுகிறவரும் அனுப்புகிறவர்களும் செய்யவேண்டிய அந்த ஆயத்தத்தை இங்கே எழுதுகிறேன்.

திட்டம் போடும்போதே தொடங்குங்கள்

இன்றைக்கு அல்லது நாளைக்கு இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருஷம் தங்குவோம், வியாபாரம் செய்து சம்பாதிப்போம் என்று பேசியவர்களை யாக்கோபு தம் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். அவர் கண்டித்தது திட்டம் போட்டதை அல்ல. திட்டத்தில் தேவனுக்கு இடம் வைக்காததை. 'கொஞ்சக்காலந்தோன்றி, பின்பு தோன்றாமற்போகிற புகை' என்று நம் ஜீவனைச் சொன்ன அதே மூச்சில், 'ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்' என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிறார். இந்த வாக்கியத்தை நாம் கடிதத்தின் அடியில் சம்பிரதாயமாக எழுதி முடித்துவிடுகிறோம். அது திட்டத்துக்குள்ளேயே இருக்கவேண்டிய வாக்கியம்.

ஆகையால் பயணத் திட்டத்தை எழுதும்போது, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில், இது நடக்காவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் எழுதுங்கள். விசா இன்ன தேதிக்குள் வராவிட்டால் பயணம் தள்ளிவைக்கப்படும். அந்தப் பகுதியில் கலவரம் எழுந்தால் எந்த வழியாக வெளியேறுவது. குழுவில் ஒருவர் நோயுற்றால் யார் உடன் தங்குவார். நிறுத்துவதா போவதா என்ற முடிவை யார் எடுப்பார் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள். நெருக்கடியான நேரத்தில், 'விசுவாசம் இருந்தால் போவோம்' என்று ஒருவரும் 'புத்தி இருந்தால் நிற்போம்' என்று இன்னொருவரும் வாதிட்டதைக் கேட்டிருக்கிறேன். இருவரும் உண்மையுள்ளவர்களே, ஆனால் அந்த வாதத்தை நடத்துவதற்கு அது நேரமல்ல.

போய்ச் சேரும் இடத்தில் காத்திருப்பவர்களுக்கும் இதை உள்ளபடி சொல்லுங்கள். 'நிச்சயம் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகாமற்போனால், அவர்கள் கொடுத்த நேரமும் செய்த ஏற்பாடும் வீணாகும். அதைவிட, சொன்ன சொல்லின்மேல் நம்பிக்கை குறையும். கொரிந்து சபைக்கு வருவதாகச் சொல்லியிருந்த பவுல் தம் திட்டத்தை மாற்றியபோது, வாக்கு மாறுகிறவர் என்ற குற்றச்சாட்டைச் சந்திக்கவேண்டியிருந்தது. அவர் அதை அப்படியே விட்டுவிடாமல், ஏன் வரவில்லை என்பதை 2 கொரிந்தியரின் முதல் அதிகாரத்திலேயே விளக்குகிறார். திட்டம் மாறினால் உடனே சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். எல்லாவற்றையும் தேவசித்தம் என்று சொல்லி நம் கவனக்குறைவை அதன் பின்னால் மறைத்துவிடக் கூடாது.

காகிதங்களும் கணக்கும்

ஜெபிக்கிறவர் காகிதங்களைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவேண்டியதில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். பெர்சிய ராஜாவின் அனுமதியோடு எருசலேமுக்குப் பயணப்பட்ட எஸ்றாவையும் நெகேமியாவையும் அருகருகே வைத்து வாசித்தால் இந்த எண்ணம் மாறும். தேவனுடைய கரம் எங்கள்மேல் இருக்கிறது என்று ராஜாவிடம் முன்பே சொல்லியிருந்தபடியால், வழியில் காக்கச் சேவகரைக் கேட்க எஸ்றா வெட்கப்பட்டு, அகாவா நதியண்டையில் உபவாசம் கூறினார். நெகேமியாவோ நதிக்கு அப்புறத்துத் தேசாதிபதிகளுக்குக் கடிதங்களைக் கேட்டு வாங்கினார். ராஜா அனுப்பிய சேர்வைக்காரரையும் குதிரைவீரரையும் ஏற்றுக்கொண்டார். தேவனுடைய தயவுள்ள கரத்தைப் பற்றி இருவருமே ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் சாட்சி சொல்கிறார்கள். அந்த எஸ்றாவும் பணத்தில் வெகு கவனமாயிருந்தார்: 650 தாலந்து வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் பொறுப்பாளர்களிடம் நிறுத்துக் கொடுத்தார், 4 மாதப் பயணத்துக்குப் பிறகு எருசலேமில் மறுபடியும் நிறுத்துப் பார்த்து, நிறையை எழுதிவைத்தார்கள்.

உங்கள் பயணத்திலும் காணிக்கைப் பணம் இருந்தால், புறப்படும்முன் இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி எழுதி, கையொப்பம் வாங்குங்கள். திரும்பியதும் அதே இருவரிடம் கணக்கைக் காட்டுங்கள். பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, பல நாடுகள் குறைந்தது 6 மாதமாவது செல்லுபடி மீதமிருக்கவேண்டும் என்று கேட்கின்றன. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயமான நாடுகளுக்குப் போகிறவர்கள், ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகே அந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை மனத்தில் வையுங்கள். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகிறது. அன்றாடம் சாப்பிடும் மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடாதீர்கள். எந்த நோக்கத்துக்காக விசா கேட்கிறீர்களோ, அந்த நோக்கத்துக்குள்ளேயே நடந்துகொள்ளுங்கள். உண்மையை அறிவிக்கப் போகிறவர் விண்ணப்பப் படிவத்தில் பொய் எழுதக் கூடாது. இதில் நான் யாரோடும் சமரசம் செய்ய ஆயத்தமில்லை.

உறையிட்ட கடிதம்

புறப்படும்முன் ஒரு கடித உறையைத் தயாரிக்கும்படி ஒவ்வொரு ஊழியரிடமும் கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் இருக்கவேண்டியவை: பயண விவரமும் பாஸ்போர்ட்டின் நகலும், காப்பீட்டு எண், இரத்த வகை, ஒவ்வாமைகள், வங்கிக் கணக்கு விவரங்கள், கொடுக்கவேண்டிய கடன்களும் வரவேண்டிய கடன்களும், உயில் இருக்கும் இடம், பிள்ளைகளைப் பொறுப்பேற்க ஒப்புக்கொண்டவரின் பெயர், மரணம் நேர்ந்தால் எங்கே அடக்கம் செய்யலாம் என்ற விருப்பம். கடைசியாக, குடும்பத்தாருக்கு ஒரு பக்கக் கடிதம்.

என் முதல் உறையை எழுத உட்கார்ந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடன் பட்டியல் வரைக்கும் பேனா ஓடியது. அடக்கம் என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவி, ஒன்றும் பேசாமல் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி, 'நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்' என்றாள். சொல்லச் சொல்ல எழுதினாள். எழுதி முடித்துத் தாளை மடிக்கும்போது, விளிம்புகள் சரியாகச் சேரும்வரை இரண்டு முறை பிரித்து மடித்தாள். மரணத்தைப் பற்றி நாங்கள் அதற்கு முன் அவ்வளவு அமைதியாகப் பேசியதில்லை. அதன் பிறகு எனக்குப் பயம் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்தோடு தனியாக இருந்த நிலை அன்றைக்கு நீங்கியது.

இந்த உறையை அவிசுவாசத்தின் அடையாளமாகச் சிலர் பார்ப்பதுண்டு. எருசலேமுக்குப் போகும் வழியில் பவுல் எபேசு மூப்பர்களிடம், அங்கே தமக்கு என்ன நேரிடும் என்று தமக்குத் தெரியாது எனவும், கட்டுகளும் உபத்திரவங்களும் காத்திருப்பதாக ஆவியானவர் பட்டணந்தோறும் தெரிவிக்கிறார் எனவும் வெளிப்படையாகச் சொன்னார். இனி என் முகத்தைக் காணமாட்டீர்கள் என்றும் சொன்னார். அவர்கள் அழுதார்கள், முழங்கால்படியிட்டு ஜெபித்தார்கள், பின்பு கப்பல்வரை கூடப் போனார்கள். தெரியாது என்று சொல்வதும் விசுவாசத்தின் பேச்சுதான்.

வீட்டில் பேசவேண்டியவை

யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால், புறப்படும்முன் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த ஒன்று, திரும்பி வந்தபோது தீர்க்க ஆளில்லாமல் என்னிடம் தங்கிவிட்டது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

பிள்ளைகளிடம், 'அப்பா கண்டிப்பா திரும்பி வருவேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். 'இன்ன தேதிக்கு வரத் திட்டமிட்டிருக்கிறேன், தாமதமானால் இன்னார் உனக்குச் சொல்வார், நான் இல்லாதபோது இன்னாரிடம் எதுவும் கேட்கலாம்' என்று சொல்லுங்கள். பெரியவர்கள் நினைப்பதைவிடப் பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள். மறைப்பதையோ உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். போகிறவரை ஜெபித்து அனுப்பும்போது அவர்களையும் பக்கத்தில் நிறுத்துங்கள். பவுல் தீருவிலிருந்து புறப்பட்டபோது, சீஷர்கள் மனைவிகளோடும் பிள்ளைகளோடும் பட்டணத்துக்குப் புறம்பே வந்து, கடற்கரையில் முழங்கால்படியிட்டார்கள் என்று அப்போஸ்தலர் 21 சொல்கிறது. பிள்ளைகள் அங்கே இருந்ததை லூக்கா மறக்காமல் எழுதிவைத்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆசீர்வதிக்கும் முறை

ஜெபம் வேறு, ஆசீர்வாதம் வேறு. ஜெபத்தில் நாம் தேவனைப் பார்த்து, போகிறவருக்காகப் பேசுகிறோம். ஆசீர்வாதத்தில் போகிறவரைப் பார்த்து, தேவனுடைய நாமத்தில் பேசுகிறோம். நம் கூட்டங்களில் இவை இரண்டும் கலந்துவிடுகின்றன. எல்லோரும் கண்களை மூடிக்கொள்வதால், ஆசீர்வதிக்கப்படுகிறவரின் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. முதலில் கண்களை மூடி ஜெபியுங்கள். முடித்த பின் கண்களைத் திறந்து, அவரையும் திறக்கச் சொல்லி, முகத்தைப் பார்த்து ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள். இந்தச் சிறு மாற்றம் எவ்வளவு ஆழமாகப் போகிறது என்பதை அனுப்பப்பட்டவனாக அறிந்திருக்கிறேன்.

எந்த வார்த்தைகளைச் சொல்வது என்று தெரியாதவர்கள் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கலாம். 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்' என்று தொடங்கும் அந்த ஆசீர்வாதம், மூல எபிரெயத்தில் வெறும் 15 சொற்கள்: முதல் வரி 3 சொல், இரண்டாவது 5, மூன்றாவது 7. சொல்லச் சொல்ல விரிந்துகொண்டே போய், 'சமாதானம்' என்ற சொல்லில் முடிகிறது. 1979இல் எருசலேமுக்கு அருகே ஒரு கல்லறைக் குகையில் கிடைத்த இரண்டு சிறிய வெள்ளித் தகட்டுச் சுருள்களில் இந்த ஆசீர்வாதத்தின் வரிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன; அவை 2,500 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு, 'நான் அவர்களை ஆசீர்வதிப்பேன்' என்று கர்த்தர் முடிக்கிறார். கை வைக்கிறவர் ஆசீர்வாதத்தின் ஊற்று அல்ல என்பது அங்கேயே தெளிவாகிவிடுகிறது. ஆகவே குரலை உயர்த்தவேண்டிய அவசியமும் இல்லை, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொன்று 121ஆம் சங்கீதம். எட்டே வசனங்களுள்ள அந்தச் சங்கீதத்தின் எபிரெயத்தில், காத்தல் என்ற சொல் 6 முறை வருகிறது. 'கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங்காப்பார்' என்பது அதன் கடைசி வசனம். புறப்படும்போது 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய்வருகிறேன்' என்றே சொல்லிப் பழகிய நமக்கு, போக்கையும் வரத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்த வசனம் அந்நியமாய் இருக்காது. ஆனால் 'என்றைக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த வரவு இந்த வீட்டு வாசலுக்கு மட்டும் உரியதல்ல.

வேதவசனத்தோடு உங்கள் சொந்த வார்த்தைகளையும் சேர்க்கலாம். உங்களைவிட மூத்தவரை ஆசீர்வதிக்கும்போது 'உன்னை' என்று சொல்லத் தயக்கமாயிருக்கும். வசனத்தை வசனமாகவே சொல்லுங்கள், சொந்த வார்த்தைகளில் 'உங்களை' என்று சொல்லுங்கள். நிறைவேற்ற முடியாத வாக்குறுதிகளைத் தேவன் பெயரில் கொடுத்துவிடாதீர்கள். 'உமக்கு ஒரு தீங்கும் வராது என்று கர்த்தர் சொல்கிறார்' என்று ஒருவரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, அவருக்குத் தீங்கு வந்தால், காயப்பட்டுக் கிடக்கும் நேரத்தில் அவர் தேவனோடும் போராடவேண்டியிருக்கும். நாங்கள் பயன்படுத்தும் வார்த்தைகள் ஏறக்குறைய இவை:

'நீங்கள் போகிற வழியில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது; உங்களை அனுப்புகிற கர்த்தருக்குத் தெரியும். வழி திறந்தால் நன்றியோடு நடந்துபோங்கள். வழி அடைபட்டால் வெட்கப்படாமல் திரும்பி வாருங்கள். நாங்கள் உங்களிடம் கணக்குக் கேட்பதற்கு முன் உங்களைத் தழுவிக்கொள்வோம். நீங்கள் சந்திக்கிறவர்கள் உங்களால் ஆசீர்வதிக்கப்படுவார்களாக. அவர்களால் நீங்களும் ஆசீர்வதிக்கப்படுவீர்களாக. உங்கள் வீட்டாரை நாங்கள் பார்த்துக்கொள்வோம். உயிரோடிருந்தாலும் மரித்தாலும் நீங்கள் கர்த்தருடையவர். அவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.'

இதில் 'உங்கள் வீட்டாரை நாங்கள் பார்த்துக்கொள்வோம்' என்ற வரியைச் சும்மா சொல்லக் கூடாது. யார், எந்தக் கிழமை, என்ன செய்வார் என்பதைத் தீர்மானித்த பிறகே சொல்லுங்கள். ஊழியர்களைத் தேவனுக்கு உகந்தபடி வழிவிட்டனுப்பவேண்டும் என்று 3 யோவான் நிருபம் கேட்பதில் பணமும் அடங்கும், வேலையும் அடங்கும்.

வழியில்

தினமும் இன்ன நேரத்தில் தொடர்பு கொள்வேன், இத்தனை மணி நேரம் தகவல் இல்லாவிட்டால் இன்னாரை அழையுங்கள் என்று ஒரு ஏற்பாடு இருக்கட்டும். சந்திக்கும் விசுவாசிகளின் பெயரையும் முகத்தையும் இடத்தையும் அவர்களுடைய சம்மதமில்லாமல் இணையத்தில் போடாதீர்கள். நாம் ஊர் திரும்பிவிடுவோம், அவர்கள் அங்கேயே வாழவேண்டும்.

வழி அடைபடும்போது அதற்கு உடனே விளக்கம் தேடாதீர்கள். ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், வசனத்தைச் சொல்லாதபடி ஆவியானவர் பவுலின் குழுவைத் தடைபண்ணினார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அதுவும் நடக்கவில்லை. துரோவாவில், மக்கெதோனியாவுக்கு வரும்படி அழைத்த ஒருவனின் தரிசனம் கிடைக்கும்வரை அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், போகக் கூடாத இரண்டு திசைகள் மட்டுமே. தடையின் பொருள் சில நேரம் பின்னால் விளங்கும். சில நேரம் விளங்காது.

இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியின் பயணத்தை இதற்காகவே அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1793இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாத காரணத்தால் அவரையும் உடன் ஊழியர் ஜான் தாமஸையும் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதுவரை வர மறுத்திருந்த அவர் மனைவி டோரதி, அந்தத் தாமதத்தால் மனம் மாறி, கைக்குழந்தை உட்படப் பிள்ளைகளோடும் தம் சகோதரியோடும் சேர்ந்துகொண்டார். ஜூனில் ஒரு டென்மார்க் கப்பலில் புறப்பட்டு நவம்பரில் வங்காளம் வந்து சேர்ந்தார்கள். கதையை இந்த இடத்தில் நிறுத்தி, பார்த்தீர்களா தடை ஆசீர்வாதமாயிற்று என்று பிரசங்கிப்பது எளிது. அடுத்த ஆண்டே அவர்களுடைய 5 வயது மகன் பீட்டர் இறந்தான்; டோரதியின் மனநிலை குலைந்தது; 1807இல் மரிக்கும்வரை அவர் அந்த வேதனையிலிருந்து மீளவில்லை. டோரதியையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பயணத்தின் கதை உண்மையாகும். எனக்கும் ஒரு முறை விசா 6 வாரம் தாமதமாகி, நான் பார்க்கப் போன முதியவர் அதற்குள் இறந்துவிட்டார். அந்தத் தாமதத்தில் என்ன நன்மை இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சாட்சி சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

அப்போஸ்தலர் 27இல், 14 நாள் புயலுக்குப் பிறகு கப்பலில் இருந்த 276 பேரும் கரை சேர்ந்தார்கள், கப்பலோ உடைந்துபோயிற்று. கரை சேரும்முன், விடியற்காலையில், பவுல் எல்லோருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிப் பிட்டார் என்று எழுதியிருக்கிறது. பயணத்தின் நடுவில் நன்றி சொல்வது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு அந்த விடியற்காலையைத்தான் காட்டுவேன்: புயல் ஓயவில்லை, கரை தெரியவில்லை, கையில் இருந்ததற்காக ஸ்தோத்திரம்.

திரும்பி வந்த பின்

அனுப்புவதற்குக் கூடிய சபை, வரவேற்பதற்கும் கூடவேண்டும். அந்தியோகியாவுக்குத் திரும்பிய பவுலும் பர்னபாவும் சபையைக் கூட்டி, தேவன் தங்களைக்கொண்டு செய்ததை எல்லாம் அறிவித்தார்கள். அந்தப் பயணத்தில்தான் பவுல் கல்லெறியுண்டார் என்பதும், உடன் போன மாற்கு பாதியில் திரும்பிவிட்டார் என்பதும் நமக்குத் தெரியும். உங்கள் அறிக்கையிலும் நடக்காதவற்றுக்கு இடம் கொடுங்கள். வந்த முதல் வாரத்தில் ஊழியரை மேடையேற்றாதீர்கள். அவர் தூங்கட்டும், பிள்ளைகளோடு இருக்கட்டும். நம்பிக்கைக்குரிய ஒருவர் அவரோடு தனியாக உட்கார்ந்து, என்ன பார்த்தீர்கள், எதில் பயந்தீர்கள், எது இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை என்று கேட்டுப் பொறுமையாக இருக்கட்டும். காய்ச்சல் கண்டால், எத்தனை வாரம் கழித்து வந்தாலும், எங்கே போய்வந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

பிறகு அந்த உறையைத் திரும்ப வாங்கிப் பிரித்துப் பாருங்கள். அடைத்த கடனை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு வேறு வரிகள் தேவைப்படலாம். எங்கள் உறையில் குடும்பக் கடிதம் இதுவரை 11 முறை மாறியிருக்கிறது. அடக்கம் பற்றிய வரி மட்டும் அவள் எழுதியபடியே இருக்கிறது. தேதியை மாற்றி, ஒட்டி, அலமாரியில் அதே இடத்தில் வைத்துவிடுகிறோம்.